ரோடெலின் ஷிஃப்ட் முடியவில்லை

நேரம் இரவு ஒன்றரை. கனடாவின் வடக்கிலிருந்து எட்மன்டன் நகரத்துக்கு இறங்குகிற சாலை. ஒரு பெட்ரோல் பங்கைத் தாண்டினால் அடுத்தது நூற்று அறுபது கிலோமீட்டர். நடுவில் ஒரு விளக்குக் கிடையாது. இரண்டு பக்கமும் மரம், பனி... அவ்வளவுதான். அந்தச் சாலையில் ஒரே ஒரு லாரி. காலி லாரி. உள்ளே வெர்ன்.

தபால் ஆபீஸ் கொலீன் இருக்கிறாளே, என் சிநேகிதி, அவளுடைய அண்ணன்தான் இந்த வெர்ன். அப்போதெல்லாம் நம் கடைக்கு வாராவாரம் சரக்குக் கொண்டுவந்தவர்.

"லாரி ஒம்பது மணிக்கு வரும்னாங்க. இப்ப மணி பன்னெண்டே கால். இதுல உனக்குப் பேய்க் கதை கேக்குது" என்றார் கறி வெட்டுகிற கிளிஃப். கடையின் பின்னறையில் மூன்று பேரும் சரக்குக்குக் காத்திருந்தோம்.

"லாரி வர்ற வரைக்கும் நீ என்ன கிழிக்கப் போற? அந்த ஹீட்டரை இப்படித் தள்ளு" என்றேன்.

கல்லாவில் நிற்கிற ஹர்ப்ரீத் ஜாக்கெட்டைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள். "டோரிஸ் அக்கா, நான் தனியா வீட்டுக்குப் போகணும். கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

பார்த்துச் சொல்ல இதில் ஒன்றும் இல்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். கொலீனிடம் வெர்ன் சொன்னது, என்னிடம் வெர்ன் சொன்னது... கொஞ்சம் என் கண்ணால் பார்த்தது.

கொரோனாவின் இரண்டாவது குளிர்காலம். அந்த வருஷத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் பல்லைக் கடிக்கத் தோன்றும். எட்மன்டன் கிடங்கில் பெட்டி எடுக்கிறவர்கள் இருநூறு பேர். ஜனவரி முதல் வாரம் ஒருவருக்கு இருமல். மூன்றாவது வாரம் நூற்று முப்பது பேர் படுக்கையில். அந்த ஒரே கிடங்கை நம்பி வடக்கே நாற்பது ஊர்க் கடை. எல்லாக் கடையிலும் அலமாரி பல் விழுந்த வாய் மாதிரி.

ஜனங்களுக்கு என்னிடம் ஒரே கேள்வி. "பின்னாடி இருக்கான்னு ஒரு எட்டு பாத்துட்டு வாங்களேன்." பின்னால் என்ன இருக்கிறது? இதோ, இந்த அறைதான். ஒரு ஹீட்டர், ஒரு தள்ளுவண்டி, ஒரு துடைப்பம். ஆனாலும் வருவேன். இங்கே நின்று பத்து எண்ணிவிட்டுத் திரும்பிப் போய், இல்லை என்று சொல்வேன். வராமலே சொன்னால் சண்டைக்கு வருவார்கள். ஊருக்கு இளைத்தவள் நான்தானே. தலைமை ஆபீசுக்குப் போன் போட்டால் ஐம்பது நிமிஷம் பியானோ. 'உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்.' முக்கியமாம்!

வெர்னுக்கு ஒரு பேத்தி. ஹேஸல். அப்போது நாலு மாதம். தாய்ப்பால் இல்லை. பசும்பாலில் செய்த மாவு கொடுத்தால் உடம்பெல்லாம் தடித்து, வயிற்றாலே ரத்தம் போகும். டாக்டர் ஒரே ஒரு பால் மாவுதான் சொல்லியிருந்தார். ஊதா மூடி போட்ட டின். நம் கடை வாரம் நாலு பெட்டி கேட்டு எழுதும். மூன்று வாரமாக வரவில்லை. கூட வருகிற சீட்டில் அந்த வரிக்கு நேராக ஒரே வார்த்தைதான் இருக்கும். ஷார்ட். சரக்கு இல்லை என்று அர்த்தம். தெரிந்தவர், தெரியாதவர் எல்லாரிடமும் கடன் வாங்கியாயிற்று. அன்றைக்கு வெர்னின் மகள் வீட்டில் மிச்சம் ஒரு டின். மூன்று நாளைக்கு வரும்.

அந்த ஒன்றரை மணி இருட்டில் வெர்ன் ஸ்டியரிங்கைக் குத்திக்கொண்டே போனாராம். வாயில் வந்த கெட்ட வார்த்தையெல்லாம் தீர்ந்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாராம்.

கிடங்கில் போய் நின்றபோது இரண்டு நாற்பது. லாரி ஏற்றுகிற இடத்தில் எப்போதும் இருபது பேர் கத்திக்கொண்டிருப்பார்கள். அன்றைக்கு ஒரு சத்தம் இல்லை. பிளீச்சிங் நெடி, நனைந்த அட்டை, எங்கோ அழுகிற வெங்காயம். இரவு மேற்பார்வை மாக்டா மட்டும் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தாள். கண் இரண்டும் குழி விழுந்திருந்தது.

"பால் மாவு எங்க?" வெர்ன் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"இருபத்தேழாவது வரிசை. மூணாவது தட்டு. நாப்பத்தெட்டுப் பெட்டி இருக்கு."

"இருக்கா! பின்ன எதுக்கு மூணு வாரமா ஷார்ட்னு அனுப்புற?"

"மேல இருக்கு வெர்ன். கீழ எடுக்கிற இடம் காலி. இறக்குற ஃபோர்க்லிஃப்ட் ஆளு ஆறு பேர். அஞ்சு பேரு ஆஸ்பத்திரியில. பெட்டி எடுக்கிறவன் வந்து பாப்பான், கீழ இல்ல, ஷார்ட்னு சொல்லிட்டுப் போயிட்டே இருப்பான். நான் என்ன பண்ணட்டும்? நானே ஏறிக் குதிக்கட்டுமா?"

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை. மாகாணம் முழுக்கத் தேடின டின் இவர் தலைக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. நானே எடுத்துக்கொள்கிறேன் என்றார் வெர்ன். கருவியில் பதியாமல் ஒரு பெட்டிகூட வெளியே போகாது என்றாள் மாக்டா. கொடு அந்தக் கருவியை என்றார். மாக்டா மேஜை டிராயரைத் திறந்து... கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எடுத்தாளாம். "மிச்சமெல்லாம் மருந்தடிக்கப் போயிருக்கு. இது ஒண்ணுதான். அது பாட்டுக்குப் பேசினா பேசட்டும். நீ கண்டுக்காத."

அந்தக் கருவி தெரியுமா உங்களுக்கு? காதில் மாட்டுவது. ஒரு பெண் குரல், உப்புச் சப்பில்லாமல், எந்த வரிசை, எந்த இடம் என்று சொல்லும். அங்கே ஒட்டியிருக்கிற எண்ணை நாம் படித்துச் சொல்ல வேண்டும். பிறகு எத்தனை பெட்டி என்று சொல்லும். எடுத்துவிட்டு அந்த எண்ணிக்கையைத் திருப்பிச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் ஷார்ட். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் ஒரு மணி நேரம் பேசிப் பேசி நம் குரலை அதற்குப் பழக்க வேண்டும். அப்புறம் அது அந்த ஒரு குரலுக்குத்தான் கட்டுப்படும்.

வெர்ன் மாட்டினார். காதில் அந்தப் பெண் சொன்னாள். "வேலை தொடர்கிறது, ரோடெல்."

இங்கே ரோடெலைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் அவனை நேரில் பார்த்ததே இல்லை. பதினோரு வருஷம் பழக்கம் மட்டும் உண்டு. இந்தக் கதவைத் திறந்தால் எந்தச் சரக்கு அவன் அடுக்கியது என்று பார்த்ததுமே தெரியும். பெட்டிப் பெயரெல்லாம் வெளிப்பக்கம் பார்த்திருக்கும். முட்டை ஒருநாளும் அடியில் இருக்காது. உச்சிப் பெட்டியில் கறுப்பு மார்க்கரால் ஒரு சின்னச் சூரியன். எட்டுக் கதிர். பிலிப்பைன்ஸ்காரன். பதினோரு வருஷத்தில் ஒரு தடவைகூட ஷார்ட் சொன்னதில்லையாம். கீழே இல்லையென்றால் தென்னை மரம் ஏறுகிற மாதிரி இரும்புச் சட்டத்தில் ஏறி, தோளில் பெட்டியோடு இறங்குவான். ஏறக்கூடாது என்று திட்டுவார்கள். சரி சரி என்பான்... மறுநாளும் ஏறுவான்.

அந்த ஜனவரியில் காய்ச்சலோடு மூன்று ராத்திரி வேலைக்கு வந்தான். வராவிட்டால் சீட்டுக் கிழிந்துவிடும். நெஞ்சில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு வந்தான். மூன்றாவது ராத்திரி இருபத்தேழாவது வரிசையில் விழுந்தான். நாலு நாளில் போய்ச் சேர்ந்தான். நம் கதவில் சூரியன் வராமல் நின்றது. எனக்கு ஏன் என்று தெரியாது. வேறு ஊருக்குப் போயிருப்பான் என்று நினைத்தேன்.

"அக்கா..." என்றாள் ஹர்ப்ரீத்.

"இரு. இனிமேதான் இருக்கு."

வெர்ன் உள்ளே நடந்தார். அங்கே ஆள் நடந்தால்தான் விளக்கு எரியும். நகர்ந்ததும் பின்னால் அணைந்துவிடும். முன்னால் கொஞ்சம் வெளிச்சம், பின்னால் ஒன்றுமில்லை. இருபத்தேழாவது வரிசை. பதினாறாவது இடம். கீழே காலி. அண்ணாந்து பார்த்தால் மூன்றாவது தட்டில் முழு அடுக்கு, பிளாஸ்டிக் சுற்றினபடி. எண்ணைப் படித்தார்.

"மறுபடி சொல்லவும்."

சொன்னார்.

"மறுபடி சொல்லவும்."

கத்தினார். "மறுபடி சொல்லவும்." அதன் அம்மாவைத் திட்டினார். "மறுபடி சொல்லவும்." நடு ராத்திரி, பேத்திக்கு மூன்று நாள் பால், தலைக்கு மேலே நாற்பத்தெட்டுப் பெட்டி, காதில் இந்தக் கிளிப்பிள்ளை. அவருக்கு அழுகையே வந்துவிட்டதாம். போ சனியனே, ஷார்ட், ஷார்ட், ஷார்ட் என்று கத்தினார்.

அப்போது... காதுக்குள் ஒரு இருமல்.

வறட்டு இருமல். இரண்டு தடவை. பிறகு ஒரு ஆண் குரல், மெதுவாக, அந்த எண்ணைச் சொன்னது.

"நாலு" என்றாள் கருவிப் பெண். இந்தத் தடவை அவளுக்குப் புரிந்துவிட்டது.

மேலே பிளாஸ்டிக் மொரமொரவென்றது. யாரோ உள்ளே திரும்பிப் படுக்கிற மாதிரி. வெர்ன் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒன்றும் அசையவில்லை. தைல நெடி மட்டும் குப்பென்று இறங்கியது.

"நாலு" என்றது அந்தக் குரல்.

"நன்றி. வரிசை முப்பத்தொன்று." அங்கே, தூரத்தில், முப்பத்தொன்றாவது வரிசையில் விளக்கு எரிந்தது. வெர்ன் இருந்த இடத்தை விட்டு நகரவில்லை. குரல் எண் சொல்கிறது, எத்தனை என்கிறது, நன்றி என்கிறாள்... அடுத்த வரிசையில் விளக்கு. அப்புறம் அதற்கடுத்தது. ஓட்டமும் நடையுமாக ஒரு ஆள் போகிற வேகம்.

கருவியைப் பிடுங்கிக்கொண்டு ஓடி வந்தார். மாக்டா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திரையில் ஒரு வரி ஓடிக்கொண்டிருந்தது. ரோடெல், வேலையில்.

"நடு ஷிஃப்ட்ல விழுந்தான். ஆம்புலன்ஸ்ல தூக்கிட்டுப் போற அவசரத்துல ஷிஃப்ட்ட முடிக்க யாருக்கும் தோணல. முடிக்கணும்னா அவன் குரல்ல சொல்லணும். ரெண்டு வாரமா பாதி லாரிய அவன்தான் ஏத்துறான். உன் லாரி இன்னிக்குத்தான் அவன் பங்குல வந்திருக்கு."

"ஆபீசுக்குச் சொன்னியா?"

"நாலு தடவ எழுதிட்டேன், செத்தவன் பேர எடுங்கன்னு. இவ்வளவு நல்லா வேல செய்ற ஆள எதுக்கு எடுக்கணும்னு பதில் வருது." சிரித்தாளாம். சிரிப்பு நிற்கவே இல்லையாம்.

செத்தும் கொடுத்தான் சீதக்காதி என்பார்கள். இங்கே செத்தும் பெட்டி தூக்கினான்!

மறுநாள் நான்தான் இந்தக் கதவைத் திறந்தேன். முதல் அடுக்கின் உச்சியில் நாலு பெட்டி பால் மாவு. ஊதா மூடி. மேலே சூரியன். எட்டுக் கதிர். அட, ரோடெல் வந்துட்டானா, நல்லதாப் போச்சு என்று சத்தமாகவே சொன்னேன். வெர்ன் இதோ இங்கே, கிளிஃப் உட்கார்ந்திருக்கிற இடத்தில், பொத்தென்று உட்கார்ந்தார்.

கிளிஃப் மெல்ல எழுந்து அடுத்த பெட்டிக்கு மாறினார்.

அடுத்த வாரமும் நாலு. அதற்கடுத்த வாரமும் நாலு. அதே மாவுக்கு ஊரில் வேறு குழந்தைகளும் இருந்ததால் வீட்டுக்கு மூன்று டின் என்று பங்கிட்டுக் கொடுத்தேன். குழந்தை தேறியது. வெர்ன் வாயைத் திறக்கவில்லை. பூனைக்கு யார் மணி கட்டுவது? கட்டினால் பால் நின்றுவிடுமே.

நாலாவது வாரம். கிடங்கு வாசலில், பனியில், ஒரு பழைய சிவப்புக் கார். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பெண் கண்ணாடியை இறக்கினாள். மடியில் சாப்பாட்டு டப்பா.

"அண்ணா, உள்ள போறீங்களா? ரோடெல்ல கொஞ்சம் அனுப்பச் சொல்றீங்களா?"

அவன் மனைவி. லிகாயா. அவனுடைய போனை நீட்டிக் காட்டினாள். சார்ஜ் போட்டு வைத்திருக்கிறாள். தினமும் காலை ஆறு மணிக்குக் கிடங்கிலிருந்து ஒரு செய்தி. 'ரோடெல், உங்கள் ஷிஃப்ட் இன்னும் முடியவில்லை.' தினமும். அதே வார்த்தை.

"எனக்குத் தெரியும் அண்ணா. நான்தான் அடக்கம் பண்ணேன். பைத்தியம்னு நெனைக்காதீங்க. ஆனா பதினோரு வருஷமா ஆறு மணிக்கு நான்தான் வந்து கூட்டிட்டுப் போவேன். முடிஞ்சிடுச்சுன்னு இன்னும் சொல்லலையே. எப்ப விடுவாங்க?"

வெர்ன் சரி, சொல்கிறேன் என்றார். உள்ளே போனார். சொல்லவில்லை. சரக்கை ஏற்றிக்கொண்டு வேறு வாசல் வழியாக வெளியேறினார்.

அதை என்னிடம் சொன்னபோது அந்த மனிதர் முகத்தை நிமிர்த்தவே இல்லை. நான் மட்டும் என்ன? அந்தப் பிள்ளை என் மடியிலும்தான் கிடந்து பால் குடித்தது. நானாக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். எனக்கு ஆத்திரம் அவர் மேல் இல்லை. ஒரு ஆளை இரண்டு பேர் வேலைக்கு வைத்து, காய்ச்சலோடு வரவைத்து, விழுந்த பிறகும் பேரை எடுக்க மாட்டேன் என்றார்களே... அவர்கள் மேல்.

அந்த வாரம் நாலு பெட்டி வந்தது. சூரியனும் வந்தது. கோணலாக. ஐந்தே கதிர். கை நடுங்குகிறவன் போட்ட மாதிரி.

அதைப் பார்த்துவிட்டு வெர்ன் ஒரு வாரம் தூங்கவில்லை. அடுத்த தடவை போனபோது கார் அதே இடத்தில் நின்றது. இவர் அவளைப் பார்க்காமல் உள்ளே போனார். டிராயரிலிருந்து கருவியை எடுத்து மாட்டிக்கொண்டு இருபத்தேழாவது வரிசைக்கு நடந்தார்.

"வேலை தொடர்கிறது, ரோடெல்."

"ஷிஃப்ட் முடி" என்றார் வெர்ன்.

"மறுபடி சொல்லவும்."

"உன்கிட்டச் சொல்லலடி. ரோடெல்... கேக்குதா? என் பேத்தி உன் புண்ணியத்துல ஒரு மாசம் பால் குடிச்சா. போதும்ப்பா. இந்தக் கம்பெனிக்கு நீ செஞ்சது போதும். உன் பொண்டாட்டி வெளிய வண்டியில ஒக்காந்திருக்கா. சோறு கொண்டாந்திருக்கா. வீட்டுக்குப் போ."

எங்கோ குளிர்ப்பெட்டி மோட்டார் நின்றது. பிறகு இருமல். நீளமான இருமல்.

"வரிசை இருபத்தேழு. இடம் பதினாறு. நாலு" என்றாள் கருவிப் பெண்.

மூச்சு வாங்குகிற சத்தம்... வாங்கிக்கொண்டே இருந்தது.

"ஷார்ட்" என்றது அந்தக் குரல்.

பதினோரு வருஷத்தில் முதல் தடவை.

"ஷார்ட். சரியா?" என்றாள் கருவிப் பெண்.

"...சரி. ஷிஃப்ட் முடிஞ்சது."

"இனிய இரவு, ரோடெல்."

இருபத்தேழாவது வரிசையின் கடைசியில் விளக்கு எரிந்தது. அப்புறம் இந்தப் பக்கம் ஒன்று. இன்னொன்று. இப்போது ஓட்டம் இல்லை. காலை இழுத்து இழுத்து நடக்கிறவன் வேகம். வெர்னின் தலைக்கு மேலே வந்தது, தைல நெடி முகத்தில் அடித்தது, தாண்டிப் போனது. தூரத்தில் ஆட்கள் போகிற கதவின் இரும்புப் பட்டை 'டக்' என்று அழுந்தித் திறந்தது. மூடியது. எல்லா விளக்கும் அணைந்தது.

இருட்டில் வெர்ன் நின்றார். பால் மாவு போச்சு. அந்த வாரச் சீட்டில் ஷார்ட் விழுந்தாயிற்று. வீட்டில் இரண்டு டின். அவருக்கு ஐம்பத்தெட்டு வயசு, ஒரு முழங்கால் வேறு மடங்காது. செல்போன் விளக்கை வாயில் கவ்விக்கொண்டு இரும்புச் சட்டத்தில் ஏறினார். பதியாத பெட்டி வெளியே போகக்கூடாதாம். போடா!

மூன்றாவது தட்டு. அடுக்கைச் சுற்றிக் கையால் தடவிப் பார்த்தார். பிளாஸ்டிக் எங்கேயும் கிழியவில்லை. தொழிற்சாலையில் ஒட்டின முத்திரை அப்படியே இருந்தது. கத்தியால் கீறினார்.

நடுவில் பெட்டிகள் இல்லை. நாலு பக்கமும் சுவர் மாதிரி ஒரு வரிசை, உள்ளே குழி. முழங்காலைக் கட்டிக்கொண்டு ஒரு ஆள் உட்காரலாம். பிளாஸ்டிக்கின் உள்பக்கம் முழுக்க ஈரம். மூச்சு பட்ட ஈரம். தொட்டால் வெதுவெதுப்பு. வெளியே மைனஸ் முப்பத்தெட்டு, கிடங்கில் கையுறை இல்லாமல் நிற்க முடியாது.

குழியின் நடுவில் ஒரே ஒரு பெட்டி, தனியாக எடுத்து வைத்தது போல. மேலே சூரியன். எட்டுக் கதிர். மை காயவில்லை. வெர்னின் கட்டைவிரலில் ஒட்டியது.

அந்தப் பெட்டியில் ஆறு டின். கிடங்கு மறுபடி ஒழுங்காக ஓடுகிறவரை ஹேஸலுக்கு அதுதான் வந்தது.

தோளில் பெட்டியோடு வெர்ன் வெளியே வந்தபோது கார் அங்கேதான் நின்றது. லிகாயா போனைக் கையில் வைத்திருந்தாள். திரை வெளிச்சம் அவள் முகத்தில்; ஷிஃப்ட் முடிந்தது என்று செய்தி. அவள் அழவில்லை. போனைக் கீழே வைத்துவிட்டுக் காரை எடுக்கப் போனாள்.

கார் கத்த ஆரம்பித்தது. பிங்... பிங்... பிங். பக்கத்து இருக்கையில் ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாவிட்டால் கத்துமே, அந்தச் சத்தம். அவள் பக்கத்தில் யாரும் இல்லை. சாப்பாட்டு டப்பா அவள் மடியில்தான் இருந்தது.

அவள் அந்தப் பக்கமாகக் குனிந்தாள். பெல்ட்டை இழுத்தாள். அது முழு நீளத்துக்கும் வந்தது, ஒரு ஆளைச் சுற்றி வருகிற அளவுக்கு. மாட்டினாள்.

சத்தம் நின்றது.